வேலை விளம்பரத்தில் ஒரு கைபேசி எண் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரப் பக்கத்தை ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வாரமும் தவறாமல் படித்துவருகிறேன். ‘கணக்கர் தேவை, டேலி தெரிந்திருக்க வேண்டும், ஜிஎஸ்டி அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை’ என்பன போன்ற விளம்பரங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பேன். பி.காம். படித்து, டேலி கற்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு முதுநிலைத் தேர்ச்சி பெற்று, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கும் எழுதிய எனக்கு அவற்றில் பலவற்றுக்கு முழுத் தகுதி உண்டு. ஆனால் அந்த விளம்பரங்களில் பெரும்பாலானவை ‘தொடர்புக்கு’ என்ற சொல்லுக்குப் பிறகு பத்து இலக்கக் கைபேசி எண் ஒன்றோடு முடிந்துவிடுகின்றன. மின்னஞ்சல் முகவரி இருப்பதில்லை, அஞ்சல் முகவரி இருப்பதில்லை, குறுஞ்செய்தி அனுப்பலாம் என்ற குறிப்பும் இருப்பதில்லை. நான் இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்தவள். எதிரில் அமர்ந்து பேசுபவரின் சொற்களைக் காதொலிக் கருவியையும் அவருடைய உதட்டசைவையும் கொண்டு புரிந்துகொள்வேன். தொலைபேசியில் பேசுபவரின் உதடு தெரியாது. ஆகவே நான் வட்டமிடும் விளம்பரங்களில் பெரும்பகுதி அந்த எண்ணைக் கண்டதுமே என் கையை விட்டுப் போய்விடுகிறது. இந்த நிலையை மாற்றுவதில் தங்கள் நாளிதழுக்கும் பங்கு இருக்கிறது என்று நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாக அமைந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

என் சொந்த ஊர் தஞ்சாவூர். ஆறு வயதில் எனக்குக் கடுங்காய்ச்சல் வந்து பல நாள் மருத்துவமனையில் இருந்தேன். என் கேட்கும் திறன் குறைந்ததற்குக் காய்ச்சல் காரணமா, அப்போது போட்ட ஊசி மருந்துகளில் ஒன்று காரணமா என்பதைப் பின்னாளில் பார்த்த மருத்துவரால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. வீடு திரும்பிய பிறகு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிடிவாதக்காரியாகிவிட்டேன் என்றுதான் அம்மா நினைத்திருந்தார். இரண்டாம் வகுப்பு ஆசிரியைதான், தாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்வதை மட்டும் நான் எழுதாமல் விடுவதைக் கவனித்து, அப்பாவை அழைத்துப் பேசினார். ஒலி புகாத சிறு அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்ன அந்தப் பரிசோதனை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அண்மையில் எடுத்த பரிசோதனையின்படி வலக்காதில் 66 டெசிபல், இடக்காதில் 64 டெசிபல் இழப்பு. இருவர் வழக்கமாகப் பேசிக்கொள்ளும் பேச்சின் அளவே ஏறத்தாழ 60 டெசிபல்தான் என்பதால், கருவியைக் கழற்றிவிட்டால் மற்றவர்களின் பேச்சு எனக்கு விளிம்பிலேயே நின்றுவிடுகிறது.

இதைக் கேட்பவர்கள், ஒலி குறைவாகக் கேட்கும், உரக்கப் பேசினால் போதும் என்று புரிந்துகொள்கிறார்கள். என்னிடம் உரக்கப் பேசிய அனைவரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசினார்கள். ஆனாலும் அது உதவுவதில்லை. உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த சுருதியிலும் வலுவாகவும் இருக்கும். மெய்யெழுத்துகளில் பல, குறிப்பாகச் சகரம் போன்றவை, உயர்ந்த சுருதியிலும் மெலிதாகவும் இருக்கும். என் காது இழந்திருப்பது பெரும்பாலும் அந்த உயர்ந்த பகுதியை. எனவே ஒருவர் பேசுவது எனக்குக் கேட்கிறது. என்ன பேசுகிறார் என்பதுதான் கேட்பதில்லை. மிச்சத்தை உதட்டில் தேட வேண்டும். உதட்டிலும் எல்லா எழுத்துகளும் தெரிவதில்லை. பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும் என்பதால் ‘பாலை’யும் ‘மாலை’யும் எனக்கு ஒன்றே, ‘வலி’, ‘வழி’, ‘வளி’ மூன்றும் ஒன்றே, ககரம் தொண்டைப் பக்கமாகப் பிறப்பதால் கண்ணுக்கு அகப்படுவதே இல்லை. முன்னும் பின்னும் வரும் சொற்களை வைத்துப் பொருளை ஊகித்து நிரப்பிக்கொண்டே ஒரு நாள் முழுவதும் மனிதர்களோடு பேசி முடிக்கும்போது, மாலையில் எனக்கு ஏற்படும் களைப்பு உடல் உழைப்பின் களைப்பு போன்றதல்ல. வீட்டுக்கு வந்து கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் இருந்தால்தான் அது தீரும்.

கருவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடி போட்டால் பார்வை தெளிவதைப் போலக் காதொலிக் கருவி மாட்டினால் காது தெளிந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். என்னுடையது காதுக்குப் பின்னால் மாட்டும் வகை. அது பேச்சைப் பெருக்கித் தரும்போது மின்விசிறியின் இரைச்சலையும், பக்கத்து மேசையில் தாள் புரட்டுவதையும், தெருவில் போகும் பேருந்தின் ஒலிப்பானையும் சேர்த்தே பெருக்கித் தருகிறது. அதில் போடும் 13ஆம் எண் பேட்டரியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு ஒட்டு இருக்கும். அதை உரித்த உடனே காற்று உள்ளே புகுந்து பேட்டரி வேலை செய்யத் தொடங்கும். பிறகு பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே வரும். எனக்குப் பத்து நாளுக்கு ஒரு இணை செலவாகிறது. வேலை இல்லாத வீட்டில் அது கணக்கில் கொள்ள வேண்டிய செலவுதான். ஆயினும் நேர்காணலுக்குப் புறப்படும் நாளில், பழையதில் உயிர் மிச்சமிருந்தாலும், புதிய பேட்டரியின் ஒட்டை உரித்துவிட்டே கிளம்புவேன். பேச்சின் நடுவில் அது நின்றுபோனால் எனக்கு நேர்வதை எதிரில் இருப்பவர் தகுதிக் குறைவாகவே எடுத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும்.

நான் படித்தது சாதாரணப் பள்ளியிலும் அரசு கலைக் கல்லூரியிலும். முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் தோழியின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதி, மிச்சத்தைப் புத்தகத்தில் படித்துத் தேறினேன். காய்ச்சல் வருவதற்கு முன்பே பேச்சு வந்துவிட்டதால் என் தமிழ் ஓரளவு தெளிவாகவே இருக்கும். ஆகவே காது கேட்கும் மக்கள் என்னை நம்ப மறுக்கிறார்கள். “இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, கேட்காது என்கிறீர்களே” என்பது நான் வாரந்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி. மறுபுறம், சைகை மொழியை நான் கற்றதே இருபத்து மூன்று வயதில், காது கேளாத நண்பர்கள் சிலர் கற்றுத் தந்துதான். அவர்களுடைய கைகள் போகும் வேகத்துக்கு என் கண் இன்னும் ஈடுகொடுக்கவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, கேட்கும் திறன் குறைந்தவர்களின் வாழ்க்கை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

சட்டம் எங்களைக் காணாமல் விடவில்லை. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், இரண்டு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும் வரையறுக்கிறது. அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய 4 விழுக்காட்டில் 1 விழுக்காடு இவ்விரு பிரிவினருக்கும் சேர்த்து உரியது. நான் அந்த வரையறைக்குள் வருகிறேன். அடையாள அட்டையும் வைத்திருக்கிறேன். தொகுதி 4 தேர்வை எழுதியும் வருகிறேன். ஆனால் 55 டெசிபல் இழப்போடு இதே இடர்களை அனுபவிக்கும் ஒருவருக்கும், ஒரு காது முழுவதும் கேட்காமல் மறு காது நன்றாகக் கேட்கும் ஒருவருக்கும் இந்த வரையறையில் இடமில்லை. அதே சட்டம் தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து வெளியிட வேண்டும் என்று சொல்கிறது. நான் விண்ணப்பித்த நிறுவனங்கள் சிலவற்றில் அக்கொள்கையைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்று உண்டு என்பதையே என்னிடமிருந்துதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறோம் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள்.

எழுத்துத் தேர்வுகளுக்கு நான் அஞ்சியதே இல்லை. தட்டச்சு நிலையத்தில் சேர்ந்தபோதுதான் முதன்முதலில் ஒரு தடை வந்தது. பழைய தட்டச்சுப் பொறியில் வரி முடியப் போகும்போது ஒரு சிறு மணி அடிக்கும். அந்த மணியைக் கேட்டு, சொல்லை முடித்து, உருளையை மறுபடி தள்ள வேண்டும். எனக்கு மணி கேட்கவில்லை. வரிகள் ஓரம் தாண்டி ஓடின. நிலையத்தை நடத்திய அம்மையார், பொறியில் உள்ள அளவுகோலில் மணி அடிக்கும் இடத்துக்கு நேராகச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தார். அதன் பிறகு எனக்கு மணியின் தேவை இல்லாமல் போயிற்று. இரண்டு மொழிகளிலும் முதல் வகுப்பில் தேறினேன். சுருக்கெழுத்தை மட்டும் கற்க முடியவில்லை, ஒருவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டிய கலை அது. என்னால் இயலாதது எது, ஒரு புள்ளி வைத்தால் இயன்றுவிடுவது எது என்று பிரித்துப் பார்க்க அந்த நகப்பூச்சுப் புள்ளியிடம்தான் கற்றேன். வேலை தரும் நிறுவனங்கள் பல, இந்த இரண்டையும் ஒன்றாகவே கருதிவிடுகின்றன.

2017ஆம் ஆண்டு திருச்சி காந்தி மார்க்கெட் அருகில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். கடையை நடத்தியவரை எல்லாரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். முதல் நாளே அவரிடம், “அண்ணாச்சி, எனக்குக் காது சரியாகக் கேட்காது, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், தொகையை மட்டும் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டுக்கொண்டேன். அவர் அதற்குப் பதில் எதுவும் சொல்லவில்லை. காலண்டரில் கிழித்த தாள்களை நான்காக வெட்டி, நூலில் கோத்து, தம் கல்லாப்பெட்டிப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டார். சரக்கு, மூட்டை, விலை எல்லாம் அந்தத் துண்டுச் சீட்டில் எழுதி என் மேசைக்கு வந்துவிடும். அந்த ஜூலையில்தான் ஜிஎஸ்டி வந்தது. மூட்டையில் விற்கும் பெயரிடாத பருப்புக்கு வரி இல்லை, வணிகப் பெயரிட்டுப் பொட்டலமாக விற்பதற்கு 5 விழுக்காடு என்று அப்போது இருந்த வேறுபாட்டை ஒவ்வொரு சரக்காகப் பிரித்துக் கணினியில் ஏற்றியது நான். பேச்சில் ‘எழுநூறு’ம் ‘எண்ணூறு’ம் காது நன்றாகக் கேட்பவர்களுக்கே மாறிப்போவதுண்டு, கடையில் எல்லாத் தொகையும் சீட்டில் வந்ததால் அந்தக் குழப்பமே எழவில்லை. சில மாதங்களில் எனக்காக ஏற்பட்ட அந்தச் சீட்டு வழக்கத்தைக் கிடங்கில் இருந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்ற சச்சரவு குறைந்துவிட்டது என்று அண்ணாச்சியே என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். வெளியூர் வியாபாரிகளிடம் தொலைபேசியில் பேச வேண்டியதைக் கடையில் இருந்த தம்பி பார்த்துக்கொண்டான்; அதற்கு ஈடாக அவன் பக்கத்துச் சிட்டையை நான் எழுதினேன். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் கடை மூடப்பட்டது. அண்ணாச்சி தம் ஊருக்கே போய்விட்டார். தினமும் தஞ்சையிலிருந்து ரயிலில் போய் வந்த அந்த மூன்று ஆண்டுகளில் என் காது ஒரு குறையாக எனக்குத் தோன்றிய நாள்கள் மிகச் சில.

அதன் பிறகு வேலை தேடிய அனுபவத்தில் இரண்டு மூன்றை மட்டும் எழுதுகிறேன். எண் மட்டுமே தந்த விளம்பரங்களுக்கு அப்பாவைப் பேசச் சொன்னேன். “வேலை உங்கள் பொண்ணுக்கா, உங்களுக்கா? பொண்ணு பேசமாட்டாளா?” என்பது பெரும்பாலும் மறுமுனையில் இருந்து வரும் முதல் கேள்வி. அப்பா காரணத்தைச் சொன்னதும், “பிறகு அழைக்கிறோம்” என்று வைத்துவிடுவார்கள். அறுபத்தைந்து வயதில் மகளுக்காக முன்பின் தெரியாதவர்களிடம் அப்படிக் கெஞ்சும் குரலில் பேசும்படி அவரை நிறுத்திவைத்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஓராண்டுக்குப் பிறகு நான் அதை நிறுத்திவிட்டேன்.

2021இல் இரண்டு நேர்காணல்களுக்கு அழைப்பு வந்தது. அப்போது எல்லாரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். அணிய வேண்டியது கட்டாயம் என்பதால் கழற்றும்படி கேட்கவும் மனம் வரவில்லை. உதடு முழுவதும் துணியால் மறைந்த ஒருவர் கேள்வி கேட்கும்போது என் நிலை தொலைபேசியில் கேட்பதைவிட மோசம். கேள்விகளை எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். ஓரிடத்தில், நேரமில்லை என்றார்கள். பிறிதோர் இடத்தில் ஓர் இளம் அலுவலர் தம் மடிக்கணினியைத் திருப்பி வைத்துக் கேள்விகளைத் தட்டச்சு செய்து காட்டினார். அங்கும் வேலை கிடைக்கவில்லை, ஆனாலும் அந்த நிராகரிப்பு என்னை வருத்தவில்லை. நான் சொன்ன பதில்களைக் கேட்டு முடிவெடுத்தார்கள் என்று அறிந்து வெளியே வந்தேன்.

மற்றொரு நிறுவனத்தில் நீள மேசைக்குப் பின்னால் மூவர் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிய சாளரம். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் மூவர் முகமும் எனக்கு நிழலாகத் தெரிந்தது. திரையை இழுத்துவிட முடியுமா என்று கேட்டபோது ஒருவர் எழுந்து உடனே இழுத்துவிட்டார். அவருக்கு நான் நன்றி உடையவள். ஆனால் மூவரும் மாறி மாறிக் கேட்டதில், யார் பேசுகிறார் என்று நான் கண்டுபிடித்துத் திரும்புவதற்குள் கேள்வியின் பாதி போய்விடும். முந்தைய வேலையை ஏன் விட்டேன் என்று ஒருவர் கேட்டதை, எப்போது விட்டேன் என்று நினைத்து ஆண்டைச் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைக் கேட்கும் திறன் குறைந்த எவரும் தவறவிடமாட்டார். பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் செயலி இப்போது கைபேசியிலேயே தமிழில் கிடைக்கிறது. அதைத் திறந்து மேசையில் வைக்க அனுமதி கேட்டேன். பேச்சைப் பதிவு செய்வதற்கு என்று எண்ணி மறுத்துவிட்டார்கள். அந்த வேலை, ஓர் அறையில் அமர்ந்து நாள் முழுவதும் பற்றுச்சீட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலை.

இந்நேரத்தில் ஓர் இடைச்செருகலாக வேறொன்றையும் தங்களிடம் முறையிட விரும்புகிறேன். அரசோ அதிகாரிகளோ மக்கள் கோரிக்கையைக் கண்டுகொள்ளாதபோது ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று எழுதுவது தமிழ் நாளிதழ்களில் நெடுநாள் வழக்கமாக இருக்கிறது. தங்கள் நாளிதழின் தலைப்புகளிலும் அதைக் கண்டிருக்கிறேன். அது பழமொழி, யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை என்பதை அறிவேன். ஆனால் கேட்டும் அசையாதவரை எங்களோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஒரு சொல்லைப் பிடிக்க நாங்கள் முகத்தைப் பார்க்கிறோம், உதட்டைப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம், மறுபடி ஒருமுறை சொல்லுங்கள் என்று கேட்க வெட்கப்பட்டு, வெட்கத்தை விட்டுக் கேட்கிறோம். மற்றவர் சொல்வதைக் கேட்க எங்களைப் போல முயல்பவர்கள் குறைவு. ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விட்டு ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டின் நாளிதழ்கள் சில ஆண்டுகளிலேயே பழகிக்கொண்டன. இந்தப் பழமொழியையும் கைவிட அவற்றால் இயலும்.

என் காது என்னை எல்லாவற்றிலிருந்தும் விலக்கிவிட்டதாக வாசகர்கள் எண்ண வேண்டாம். எனக்கு விருப்பமானவை உண்டு. மலையாளப் படங்களைத் திரைவரிகளோடு பார்ப்பேன். என் தாய்மொழிப் படத்தைத் திரையரங்கில் தமிழ் வரிகளோடு பார்க்கும் வாய்ப்பு எனக்கு இன்னும் கிட்டவில்லை. திரையரங்குகளில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் வேண்டிய வசதிகள் குறித்து மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் நெறிமுறைகளை வெளியிட்டிருப்பதால், அதுவும் நடக்கும் என்று காத்திருக்கிறேன்.

என் பெரும் விருப்பம் கல்வெட்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் விடுமுறை நாள்களில் என்னைப் போல ஆர்வமுள்ள பத்துப் பன்னிரண்டு பேரை ஊர் ஊராக அழைத்துச் சென்று கோயில் சுவர்களைப் படிக்கக் கற்றுத் தருகிறார். முதல் நாள் அவர் சுவரைப் பார்த்து நின்று, எழுத்துகளைக் கோலால் தொட்டுக் காட்டியபடியே விளக்கினார்; அவர் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மதிய உணவின்போது தயங்கித் தயங்கிச் சொன்னேன். “அடடா, அம்மா, காலையிலேயே சொல்லக் கூடாதா?” என்றவர், அன்றிலிருந்து, முதலில் கோலால் தொட்டுக் காட்டிவிட்டுப் பிறகு எங்கள் பக்கம் திரும்பிப் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டார். மைப்படி எடுக்கவும் கற்றுக்கொண்டேன். கல்லைத் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றும்போது, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்து வெள்ளையாக மேலெழுந்து வரும். அந்தக் காட்சிக்கு நிகராக நான் எதையும் சொல்ல மாட்டேன். கல்வெட்டின் முன் நான் யாருக்கும் குறைந்தவள் அல்லள். அங்கே எல்லாருக்கும் கண்தான் வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெரிய கோயிலில் திருப்பதியம் என்னும் தேவாரப் பாடல்களைப் பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் முதலாம் இராசராசன் அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி, அதாவது மூன்று மரக்கால், நெல் வழங்கிய செய்தி கல்லில் இருக்கிறது. கோயிலில் ஆடற்பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயரும், யார் தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார் என்பதும் இருக்கின்றன. அந்தப் பாட்டை நான் கேட்டிருந்தாலும் முழுதாகக் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் பாடியவர்களின் கணக்கு எனக்குத் தெரியும், படியளந்த நெல்லின் கணக்கும் தெரியும். கணக்கு எழுதுபவள் என்பதால் அந்தப் பட்டியல்களைப் படிக்கும்போது எனக்கு அலுப்பே வருவதில்லை. தாம் கொடுத்தவற்றையும் தம் அக்கன் கொடுத்தவற்றையும் தம் பெண்டுகள் கொடுத்தவற்றையும் பிறர் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டச் சொல்லி அந்த அரசர் வாய்மொழியாக ஆணையிட்டதும் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் அரசரின் வாய்மொழியைக் கேட்கும் திருவாய்க்கேள்வி என்ற அதிகாரியும், அதை ஓலையில் எழுதும் திருமந்திர ஓலை என்ற அதிகாரியும் வருகிறார்கள். வாயால் சொன்னது எழுத்தில் ஏறினால்தான் ஆணை நிலைக்கும் என்று அன்றைய அலுவலகம் அறிந்திருந்தது என்று எங்கள் ஆசிரியர் விளக்கியபோது, அண்ணாச்சி கடையில் ஆணியில் தொங்கிய துண்டுச் சீட்டுகள்தாம் எனக்கு நினைவுக்கு வந்தன.

என்னைப் பார்ப்பவர்கள் அடிக்கடி மதுரை ஜெர்லின் அனிகாவைச் சுட்டிக்காட்டுவார்கள். 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக் போட்டியில் இறகுப்பந்தில் மூன்று தங்கம் வென்ற அவரை நினைத்து நானும் பெருமைப்படுகிறேன். தங்கள் நாளிதழில் வந்த படத்தை வெட்டி ஒட்டியும் வைத்திருக்கிறேன். “அவரைப் போல நீங்களும் சாதிக்கலாம்” என்று வாழ்த்துகிறார்கள். அந்த அன்புக்கு நன்றி சொல்வேன். ஆனால் எனக்கு வேண்டியது தங்கப் பதக்கம் அல்ல. காலையில் போய் மாலையில் வருகிற, மாதம் 11ஆம் தேதிக்குள்ளும் 20ஆம் தேதிக்குள்ளும் ஜிஎஸ்டி கணக்குகளைத் தாக்கல் செய்கிற, சாதாரணமான ஒரு வேலை. காது கேட்பவர்கள் சாதனை புரிந்து காட்டிய பிறகுதான் அத்தகைய வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இது. வேலைவாய்ப்பு வரி விளம்பரம் கொடுப்பவர்களிடம் தங்கள் விளம்பரப் பிரிவு நிரப்பச் சொல்லும் படிவத்தில், கைபேசி எண்ணுக்குக் கீழே ‘எழுத்து வழித் தொடர்பு’ என்று ஒரு கட்டத்தைச் சேர்க்க வேண்டுகிறேன். மின்னஞ்சலோ, வாட்ஸ்அப்போ, அஞ்சல் முகவரியோ ஏதேனும் ஒன்று அதில் இருக்கட்டும். எண் ஒன்றுதான் உண்டு என்பவர்கள் ‘குறுஞ்செய்தியும் அனுப்பலாம்’ என்ற இரண்டு சொற்களை எழுதட்டும். விளம்பரத்துக்கு வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் முறையில், இந்தக் கூடுதல் சொற்களுக்கு மட்டும் கட்டணம் இல்லை என்று தாங்கள் அறிவித்தால், விளம்பரம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். இதனால் பயன்பெறுவோர் காது கேளாதவர்கள் மட்டுமல்லர். திக்குவாய் உள்ளவர்களும், பணியிடத்தில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுவதால் அழைத்துப் பேச முடியாதவர்களும், முன்பின் தெரியாத எண்ணுக்குத் தனியாக அழைத்துப் பேசத் தயங்கும் பெண்களும் இருக்கிறார்கள்.

இக்கடிதத்தைப் படிக்கும் வேலை கொடுப்போருக்கும் ஒரு சொல். எங்களை நேர்காணலுக்கு அழைத்தால் வெளிச்சம் தங்கள் முகத்தில் படும்படி உட்காருங்கள். ஒருவர் பேசி முடித்த பிறகு மற்றவர் பேசுங்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்து கொடுத்துவிடுங்கள். உரக்கப் பேச வேண்டியதில்லை, வாயைக் கூடுதலாக விரித்துப் பேசவும் வேண்டாம், அப்போது உதட்டின் வடிவம் மாறிவிடும். தொலைபேசியில் பேச வேண்டிய பணி எவ்வளவு, பேச வேண்டாத பணி எவ்வளவு என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். பேச வேண்டிய பகுதியை வேறொருவர் எடுத்துக்கொண்டால் அவருடைய வேலையில் எதை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று என்னிடம் கேளுங்கள்.

வரும் வியாழக்கிழமை கும்பகோணத்தில் எனக்கு ஒரு நேர்காணல் இருக்கிறது. தங்கள் நாளிதழில் வந்த விளம்பரம்தான். கைபேசி எண்ணோடு மின்னஞ்சல் முகவரியும் இருந்தது. எனக்குக் கேட்கும் திறன் குறைவு என்பதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். ‘நேரில் வாருங்கள், கேள்விகளை எழுதித் தருகிறோம்’ என்று மறுநாளே பதில் வந்தது. புதிய பேட்டரியை எடுத்து வைத்துவிட்டேன்.

வேலை தேடிக்கொண்டிருக்கும் நிலையில் இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்.